யாழ்ப்பாணத்துத் தலைப்பாகை

எமது நாட்டிலே நூறாண்டு கண்ட இந்துக் கல்லூரி எதனுள்ளே புகினும், அதன் பிரார்த்தனை மண்டபச் சுவர்களிலே தாபகர்களும் முகாமையாளர்களும் பழைய அதிபர்களும் படங்களாய் வரிசைபெற்று நிற்றலைக் காணலாம். அவருட் பலர் நெற்றியிலே திருநீறும், மார்பிலே நீண்ட கோட்டும், தோளிலே மடித்த சால்வையும், தலையிலே வெண்ணிறத் தலைப்பாகையும் உடையவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஏழாந் தர மாணவர் சிலரை அத்தகைய மண்டபமொன்றுக்கு அழைத்துச் சென்று, கல்லூரி தோன்றிய வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தேன். அப்பொழுது ஒரு சிறுவன் எழுந்து, "சேர், இவையள் எல்லாரும் மாப்பிள்ளைமாரோ?" என்று வினாவினான். மாணவர் நகைத்தனர்; யானும் நகைத்தேன். ஆயினும் அவ்வினாவில் அறியாமை சிறிதும் இல்லை. அச்சிறுவன் தன் வாழ்நாளிலே தலைப்பாகை கட்டிய மனிதனைக் கண்டது கலியாண வீட்டில் மட்டுமே. கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர முயன்ற அவன், வரலாற்று மாணவன் செய்ய வேண்டியதையே செய்தான்.

ஒரு காலத்திலே எமது பெரியோர் நாடோறும் அணிந்த தலைப்பாகை, ஒருவன் வாழ்நாளில் ஒரேயொரு நாள் மட்டும் அணியும் பொருளாய்ச் சுருங்கியது எவ்வாறு? அது மறைந்ததற்காக நாம் வருந்துதல் தகுமா? தகுமாயின் எவ்வளவு வருந்துதல் தகும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலையைத் துகிலாற் கட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே, அரசன் பாசறையைக் காவல்புரியும் முதியோர் துகிலை முடித்து உடலைப் போர்த்தவராய்க் காட்டப்படுகின்றனர். அதே பாட்டில் வரும் யவனரோ மெய்ப்பை, அதாவது சட்டை, அணிந்தவர். தைத்த சட்டை அந்நியனுக்கும், தைக்காத துகில் நம்மவனுக்கும் உரிய அடையாளமாகப் புலவர்க்குத் தோன்றியிருத்தல் கருதத்தக்கது. வெயில் மிக்க நாட்டிலே தலையைக் காத்தற்கு ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுதல் யாவர்க்கும் இயல்பு. அத்துணியே மடிப்பும் கஞ்சியும் சரிகையும் பெற்று, பதவிக்கும் குலத்துக்கும் உரிய சின்னமாக மாறியது பின்னாளைய நிகழ்ச்சி.

இம்மாற்றத்தைச் சொற்களே காட்டி நிற்கின்றன. தலைப்பாகை என்னும் தொடரிலுள்ள பாகை, வடநாட்டு மொழிகளிலுள்ள பாக், பகடி என்பனவற்றோடு உறவுடையது. முண்டாசு மராட்டிய மொழித் தொடர்பால் வந்தது. உருமால் பாரசீகச் சொல். விசயநகர நாயக்கரும் நவாபுகளும் மராட்டியரும் தமிழகத்தை ஆண்ட காலங்களில், அரசவைகளின் கோலத்தோடு இச்சொற்களும் தெற்கே வந்து பரவின எனலாம். இனி, யாழ்ப்பாணத்து மக்கள் காலுக்கும் இடைக்கும் வழங்கிய சொற்களை நோக்குக. சப்பாத்து, மேசு, களிசான் ஆகிய மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். 1619 ஆம் ஆண்டு முதல் 1658 ஆம் ஆண்டு வரையும் யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர், தம் கோட்டையை ஒல்லாந்தர்க்குக் கொடுத்து நீங்கிய பின்னரும் இச்சொற்களை எம்மிடம் விட்டுச் சென்றனர். கைக்குட்டைக்கு எம் முதியோர் வழங்கிய லேஞ்சி என்பதும் அவர் தந்ததே. மார்புக்கு உரிய கோட்டு ஆங்கிலேயர் தந்தது. இவ்வாறு நோக்குமிடத்து, ஐரோப்பிய உடை எம்மவர் உடம்பிலே காலிலிருந்து மேனோக்கி ஏறி வந்தமை புலனாகும். அது இறுதியாகச் சென்றடைந்த இடம் தலை. கோட்டு அணிந்த பின்னரும், சிலர் சப்பாத்து அணிந்த பின்னரும், தலைப்பாகையை மட்டும் கைவிடாது நின்றனர் எம் பெரியோர். கல்லூரிச் சுவரிலே நாம் காணும் அக்கலப்புக் கோலம் அறியாமையால் விளைந்ததன்று. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று வரையறுத்துக்கொண்ட ஒரு தலைமுறையின் கோலம் அது.

தலையை விட்டுக்கொடாமைக்குக் காரணம் உண்டு. கீழைத்தேயத்தார் பெரியோர் முன்னிலையிற் செல்லும்போது காலணியைக் கழற்றுவர், தலைப்பாகையைக் கழற்றார். மேலைத்தேயத்தாரோ தொப்பியைக் கழற்றுவர், காலணியைக் கழற்றார். ஒருவர்க்கு மரியாதையாகத் தோன்றுவது மற்றவர்க்கு அவமரியாதையாகத் தோன்றும். ஆள்வோரும் ஆளப்படுவோரும் இவ்வாறு மாறுபட்ட இரு வழக்குகளை உடையராயிருந்தமையால், தலைப்பாகை வெறுந் துணியாயிருத்தல் ஒழிந்து, வழக்குக்குரிய பொருளாயிற்று.

அவ்வழக்கு குருதி சிந்துமளவுக்கு முற்றியது வேலூரிலே. 1805 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த சேர் யோன் கிறடொக் என்பார், சிப்பாய்கள் அணியும் தலைப்பாகையின் வடிவத்தை மாற்ற ஏற்பாடு செய்தார். புதிய தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தது. தோலாற் செய்த சின்னமொன்றும் அதிலே பொருத்தப்பட்டிருந்தது. நெற்றிக்குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, தாடி வளர்க்கலாகாது என்னும் விதிகளும் உடன் வந்தன. இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே இதனை வெறுத்தனர். 1806 ஆம் ஆண்டு மே மாதத்திலே எதிர்ப்புத் தெரிவித்தோர் தண்டிக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலை 10 ஆந் திகதி, விடியற்கு முன்னர், வேலூர்க் கோட்டையிலிருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலப் படையினர் மாண்டனர். அன்றைய தினமே ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கேணல் கில்லெஸ்பி என்பாரின் படை கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். திப்பு சுல்தானின் மைந்தர்கள் அக்கோட்டையிலே காவலில் வைக்கப்பட்டிருந்தமையும் கிளர்ச்சிக்கு ஒரு காரணமென்பர். எனினும் தலைப்பாகை பற்றிய விதி பின்னர் மீளப் பெறப்பட்டமையும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிறடொக்கும் 1807 ஆம் ஆண்டிலே திருப்பி அழைக்கப்பட்டமையும் உண்மையை விளக்கி நிற்கின்றன. கண்டியின் கடைசி அரசனாகிய சிறீ விக்கிரம ராசசிங்கன் 1815 ஆம் ஆண்டிலே முடியிழந்த பின்னர், கொண்டுசென்று சிறைவைக்கப்பட்டதும், 1832 ஆம் ஆண்டிலே உயிர்நீத்ததும் இவ்வேலூரிலேயே என்பதை இலங்கையர் மறத்தல் இயலாது.

வேலூர்ச் சிப்பாய் வாளெடுத்துக் காத்ததை, யாழ்ப்பாணத்துக் கற்றோர் வாளின்றியே காத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவராய்த் தேறிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலக் கல்வி பெற்றவர். அரசாங்க உத்தியோகம் வகித்தவர். கலித்தொகையையும் வீரசோழியத்தையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய அப்பெரியாரை நாம் அறிந்திருக்கும் படம் தலைப்பாகையோடு கூடியதே. அவருக்குப் பின் அப்பணியைத் தமிழகத்திலே வளர்த்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் படமும் அவ்வாறே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைத் தலைப்பாகையின்றி நினைத்துப் பார்த்தலும் எமக்கு அரிது. 1879 ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையிற் புகுந்து, 1911 ஆம் ஆண்டிலே கற்ற இலங்கையரின் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்டு, 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிங்கள மக்களுக்காக வாதாடக் கடல்கடந்து சென்ற அவர், ஆங்கிலத்திலே ஆங்கிலேயரை வெல்லும் ஆற்றல் படைத்தவர். நாவை அந்நியர் மொழிக்குப் பழக்கிய அவர், தலையை அந்நியர் வழக்குக்குப் பழக்கவில்லை. 1897 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிப் பேருரை நிகழ்த்திய சுவாமி விவேகானந்தரின் காவித் தலைப்பாகையும், பின்னாளிலே பாரதியார் கட்டிய முண்டாசும் இவ்வுணர்ச்சியை மேலும் வளர்த்தன எனலாம்.

1905 ஆம் ஆண்டு இவ்வகையிலே குறிப்பிடத்தக்கதோர் ஆண்டு. அவ்வாண்டிலேதான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. அவ்வாண்டிலேதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, ஆராயாது ஐரோப்பிய நடையுடைகளைப் பின்பற்றுதலைக் கண்டித்தார். இரவல் இறகு சூடித் திரிதலாகாது என்னும் கருத்துப்பட அவர் ஒரு சிறு நூலும் எழுதினார். ஒருபுறம் கண்டனம் எழுந்தது. மறுபுறம் புகைவண்டி புறப்பட்டது. வண்டியே வென்றது என்பதைக் கூறவும் வேண்டுமோ? கொழும்புக்கு எழுதுவினைஞராகவும், அதற்குச் சிறிது முன்னரே மலாயாவுக்குப் புகைவண்டிப் பகுதி உத்தியோகத்தராகவும் சென்ற எம் இளைஞர் பலர், தொப்பியோடும் களிசானோடும் ஊர் மீண்டனர். தந்தை தலைப்பாகையோடு தெருவிலே செல்ல, மகன் தொப்பியோடு பின்னே செல்லும் காட்சி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது.

தொப்பிக்கு முன்னரே தலைப்பாகையின் அடித்தளத்தை அரித்தது மற்றொன்று. அது மயிர்வெட்டு. குடுமி இருந்த காலத்திலே தலைப்பாகைக்கு உள்ளே ஒரு பிடிமானம் இருந்தது. குடுமியை முடிந்து அதன்மேற் சுற்றிய துணி நழுவாது நின்றது. குடுமியைக் கத்தரித்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்து வாரிய இளைஞனுக்கோ தலைமயிரே அணியாயிற்று. வாரியதை மறைத்தற்கு எவன் விரும்புவான்?

இவையெல்லாம் தலைப்பாகை தளர்ந்ததற்குக் காரணங்கள். அது மீண்டும் எழாமைக்குக் காரணம் வேறு. இதுவே சிந்தித்தற்குரியது. 1924 ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசு, பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர்பெற்று, தாய்மொழியையும் தேசிய உடையையும் போற்றியது. அதன் அழைப்பை ஏற்று 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். களிசானும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்த ஆசிரியரும் மாணவரும் அவற்றை நீக்கி, வேட்டியும் சால்வையும், இன்று வரை எம்மவர் 'நாஷனல்' என்று கூறும் நெடுஞ்சட்டையும் அணியத் தலைப்பட்டனர். ஆங்கிலேயர் தொப்பியையும் கழற்றி எறிந்தனர். தொப்பியைக் கழற்றியோர் தம் தந்தையரின் தலைப்பாகையை மீண்டும் எடுத்துக் கட்டியிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு கட்டவில்லை. வெறுந்தலையோடே நின்றனர். அந்நிய உடையை வெறுத்த இயக்கம், சுதேச உடையுள் தலையாயதைக் கைநெகிழவிட்டது ஏன்?

இதற்கு விடை காண, காந்தியடிகளின் வாழ்க்கையையே நோக்குதல் நலம். 1893 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவின் டர்பன் நகரை அடைந்த அவர், அங்கு ஒரு நீதிமன்றத்துக்குச் சென்றபோது, தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தார். காந்தி மறுத்து வெளியேறினார். மறு ஆண்டிலே அவர் வழக்கறிஞராய்ப் பதிவுபெற்றபோது, உயர்நீதிமன்றத்திலே அதே கட்டளை பிறந்தது. பெரிய போராட்டங்களுக்கு வலிமையைச் சேமித்தற்பொருட்டு அன்று அவர் அதற்கு இணங்கினார். அவர் தொழில் தொடங்கிச் சில மாதங்களுக்குள், பாலசுந்தரம் என்னும் தமிழர் ஒருவர் அவரை நாடி வந்தார். ஒப்பந்தக் கூலியாகிய அவரை எசமானன் அடித்தமையால் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலே குருதி ஒழுகியது. உடை கிழிந்திருந்தது. தலைத்துணி கையிலே இருந்தது. ஒப்பந்தக் கூலிகளும் பிற இந்தியரும் ஐரோப்பியர் முன்னே செல்லும்போது தலைத்துணியைக் கழற்றிக் கையில் ஏந்துதல் அங்கே வழக்கு. காந்தியின் முன்னிலையிலும் அவ்வாறே நிற்றல் வேண்டுமென்று அவர் எண்ணினார். அத்துணியைத் தலையிலே கட்டிக்கொள்ளுமாறு காந்தி கூறினார். தயங்கிய பின்னர் மகிழ்ச்சியோடு அவர் கட்டிக்கொண்டார். இந்நிகழ்ச்சி சத்திய சோதனையிலே விரித்துரைக்கப்பட்டுள்ளது. நீதிபதி முன் தன் தலைப்பாகையைக் காத்தற்கு முயன்றவர், தன் முன் நின்ற ஏழையின் தலைத்துணியை அவன் தலையிலே மீண்டும் ஏற்றினார். இவ்விரண்டாவது செயல் முதலாவதிலும் பெரிது. பின்னர் 1921 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி, மதுரையிலே, ஏழை உழவனின் அரையாடையையே தனக்கும் உடையாக அவர் கொண்டார். ஆறாண்டுகளின் பின் யாழ்ப்பாணத்து வாலிபர் கண்ட காந்தி, ஏழையினின்றும் தன்னைப் பிரித்துக்காட்டும் அணி எதனையும் தலையிற் கொள்ளாத காந்தியே.

இனி எம் ஊருக்கு மீள்வோம். இதனைக் கூறுதற்குச் சொந்தக் குடும்பச் செய்தியொன்றை எடுத்தாளுதல் இன்றியமையாததாகின்றது. எம் பாட்டியாரின் தந்தையார் தலைப்பாகை கட்டியவர். அவர் வெளியே புறப்படும் நாட்களிலே நிகழ்வதைப் பாட்டியார் விரும்பிச் சொல்வார். அரிசிக் கஞ்சி தோய்த்து உலர்த்திய மெல்லிய வெண்டுகிலின் ஒரு முனையைப் பிள்ளைகளுள் ஒருவர் விறாந்தையின் அந்தத்திலே பிடித்துக்கொள்வார். மறுமுனையைத் தந்தையார் தலையிலே பொருத்தி, ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிக்கொண்டு பிள்ளையை நோக்கி நடந்து வருவார். துணி முடியும்போது தந்தையும் பிள்ளையும் முகத்துக்கு முகம் நிற்பர். துணியை இறுக்கிப் பிடிக்கும் அவ்வுரிமைக்காகத் தாமும் சகோதரரும் சண்டையிட்டதைக் கூறும்போது பாட்டியாரின் முகம் மலரும். அவருக்கு அதுவே தந்தையின் அன்புக்கு அடையாளம்.

அதே பாட்டியார் வேறொன்றும் சொல்வார். வளவிலே பனையேற வரும் தொழிலாளர் படலையைக் கடக்கும்போதே தலையிலே கட்டிய துண்டை அவிழ்த்துக் கக்கத்திலே இடுக்கிக்கொள்வராம். முற்றத்திலே நின்று பேசி முடிந்து, படலைக்கு வெளியே சென்ற பின்னரே அதனை மீண்டும் கட்டுவராம். "அந்தக் காலத்து ஆக்கள் அவ்வளவு மரியாதை" என்று பாட்டியார் முடிப்பார். இவ்விரு செய்திகளையும் ஒரே குரலிலே, ஒரே மகிழ்ச்சியோடு அவர் சொன்னார். இரண்டும் ஒரு துணியைப் பற்றியனவே என்பது அவருக்குத் தோன்றவில்லை. இளமையிலே எனக்கும் தோன்றவில்லை. பாலசுந்தரத்தின் வரலாற்றை மாணவர்க்குப் படிப்பிக்கும்போதே, டர்பன் நகரத்து வழக்கு எம் வீட்டு முற்றத்திலும் இருந்ததென்பது எனக்குப் புலப்பட்டது.

வெள்ளையன் முன்னே தலைப்பாகையைக் கழற்ற மறுத்த எம் பெரியோர், தம் முன்னே பிறர் தலைத்துண்டைக் கழற்றுதலை இயல்பென்று கொண்டனர். தோளிலே சால்வை இடுதல், குடை பிடித்தல், காலணி அணிதல், பெண்கள் மேலாடை அணிதல் என்பனவெல்லாம் ஒருசாரார்க்கு உரிமையாகவும், மறுசாரார்க்குத் தடையாகவும் இருந்தமை எம் சமூக வரலாற்றிலே மறைத்தற்கியலாத பகுதி. இராமநாதன் அவர்களின் பெருமைகளைப் போற்றும் நாம், சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தார் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். அவர் 1930 ஆம் ஆண்டிலே மறைந்தார். 1931 ஆம் ஆண்டிலே வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. ஆண்டவன் சந்நிதியிலே ஆடவர் யாவரும் தலைப்பாகையையும் மேலாடையையும் நீக்கி, சால்வையை இடையிலே கட்டி நிற்பர். அங்கு உயர்வு தாழ்வில்லை என்பர். ஆனால் அச்சந்நிதிக்குள் புகுதற்கே பலர்க்கு வழியிருக்கவில்லை. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது.

இப்பொழுது முன்னர்க் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். தேசிய உடையைப் போற்றிய வாலிபர் தலைப்பாகைக்கு மீளாமைக்குக் காரணம், அவர்கள் காலத்திலே அது தேசத்தின் உடையாயிராமல் ஒரு வகுப்பாரின் உடையாயிருந்தமையே என்று கருதுகின்றேன். வேட்டியை யாவரும் உடுத்தனர். ஆதலால் அதனைத் தேசத்தின் உடையென்று கொள்ளுதல் கூடிற்று. கஞ்சியிட்ட தலைப்பாகையோ முதலியார், மணியகாரர், உடையார் என்னும் பதவிகளோடும் கச்சேரியோடும் ஒட்டிக்கொண்டது. 1963 ஆம் ஆண்டிலே விதானைமாரின் இடத்துக்குக் கிராமசேவகர் வந்தபோது, பழைய பதவிகளோடு சார்ந்த கோலத்துக்கு எஞ்சியிருந்த நிலைக்களமும் அற்றது. எளியவனுக்கு மறுக்கப்பட்டமையால், அது தாங்குவாரின்றி வீழ்ந்தது. எம் பெரியோர் அதனை ஊரார் யாவர்க்கும் உரியதென்று விட்டிருப்பின், இன்று அது மறைந்திராது போலும்.

இன்று அது எங்கே எஞ்சியிருக்கின்றது? மணமகன் தலையிலும் தோழன் தலையிலும் ஒருநாட் பொழுது இருக்கின்றது. அதுவும் சுற்றிக் கட்டப்படுவதன்று. தொப்பிபோல் முன்னரே தைத்துவைத்தது, பெரும்பாலும் வாடகைக்குப் பெற்றது. கோயிலிலே பரிவட்டமாகச் சிலர் தலையிலே சில நாழிகை இருக்கின்றது. தமிழகத்திலே மாவட்ட ஆட்சியரின் டபேதார்மார் தலையிலும், இந்திய நகரங்களின் பெரிய விடுதிகளிலே கதவு திறந்துவிடும் காவலாளர் தலையிலும் காணப்பட்டது. ஆள்பவன் சூடியதை ஏவலாளன் சூடும்படி காலம் செய்தது. ஆனால் வயலிலே வெயிலுக்கு ஆற்றாது உழவன் சுற்றிய தலைத்துண்டு மட்டும் எக்காலத்தும் மறையவில்லை. கஞ்சியும் சரிகையும் இல்லாத அத்துண்டே முல்லைப்பாட்டின் காலந்தொட்டு இடையறாது வந்த தமிழர் தலைப்பாகை. இன்று அதனை எவர் முன்னும் எவரும் அவிழ்த்தல் வேண்டியதில்லை.

ஆதலின் மறைந்ததற்கு வருந்துதல் முற்றும் தகாது என்று யான் கூறவில்லை. அந்நியன் ஆட்சியிலே, அவன் மொழியைக் கற்றும், அவன் உத்தியோகத்தை ஏற்றும், தலையை மட்டும் தம்மதாக வைத்துக்கொண்ட அப்பெரியோரின் உறுதி நினைக்கத்தக்கது. விறாந்தையின் இரு அந்தங்களிலும் நின்று ஒரு துகிலைப் பிடித்த தந்தையும் மகளும் நினைக்கத்தக்கவர். எம் இல்லத்திலிருந்த அப்பெரியவரின் படம் 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது பெட்டகத்தோடு போயிற்று. அவர் முகம் எனக்கு நினைவில்லை, தலைப்பாகையே நினைவிலுள்ளது. அதற்காக நான் வருந்துவதுண்டு. ஆயினும் படலையிலே அவிழ்த்த துண்டையும் உடன் நினையாத வருத்தம், பாதி வரலாற்றை மட்டும் கற்றவனின் வருத்தமாகும்.

மண்டபத்திலே வினாவிய சிறுவனுக்கு அன்று யான் கூறிய விடை சுருக்கமானது. "மாப்பிள்ளைமார் அல்லர், அக்காலத்துப் பெரியவர்கள் நாடோறும் இவ்வாறு கட்டினர்" என்றேன். அவன் மீண்டும் எழுந்து, "எங்கடை ஊரிலையும் கட்டினவையோ, சேர்?" என்றான். அவனுடைய ஊரையும் அவன் முன்னோர் செய்த தொழிலையும் யான் அறிவேன். ஆதலால் உடனே விடை கூற இயலாது சிறிது நேரம் நின்றேன். "கட்டினவர்கள், ஆனால் எல்லா இடத்திலும் கட்ட அவர்களை விடவில்லை" என்று பின்னர்க் கூறினேன். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. அன்று பாட நேரம் முடியும் வரையும், விடவில்லை என்பதன் பொருளையே பேசினோம். தாபகர்களின் படங்கள் எமக்கு மேலே சுவரிலே இருந்தன. அவர்கள் எழுப்பிய மண்டபத்திலே, அவர்கள் படத்தின் கீழே, அச்சிறுவன் முன்வரிசையில் இருந்து அதனைக் கேட்டான்.